மாரெக் ஏறாத கார்

பிள்ளைகளே, தொண்ணூறுகளில் நான் பீல் நகரில் ஒரு மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் வேலை செய்தேன். போலந்துக்காரரான மாரெக் அங்கே என் கூட்டாளி. சுவிஸ் தேசிய நாளில் வாணவெடிச் சத்தம் கேட்டு நான் நடுங்கியபோது, ஏன் என்று கேட்காமல் பக்கத்தில் வந்து நின்றவர் அவர் ஒருவர்தான்.

பிறகு நான் ஒரு பழைய ஜெர்மன் கார் வாங்கினேன். மாரெக் ஓய்வுபெறும் நாளில், முதல் ஆளாக அவரை அதில் ஏற்றிப்போக ஆசை. தொழிற்சாலை வாசலிலேயே சில்லுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தேன்.

“என்ன, ஜூஸ் பிழியவோ கார் வாங்கினனி?” என்று சிரித்துக்கொண்டு வந்தவர், காரின் சின்னத்தைக் கண்டதும் நின்றுவிட்டார்.

“நான் பஸ்ஸில போறன்.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “கறுப்பன்ர காரில ஏற வெக்கமோ?” என்று எல்லோருக்கும் முன்னால் கேட்டேன்.

அவர் மெதுவாகச் சொன்னார்: “இரண்டாம் உலகச் சண்டைக்காலத்தில ஜெர்மன்காரர் எங்களைப் பிடிச்சுக்கொண்டு போய் இந்தக் கொம்பனியிலதான் வேலை வாங்கினவங்கள். எனக்குப் பதினைஞ்சு வயசு. அண்ணையும் வந்தவர். அவர் திரும்பி வரேல்லை.”

பேர்பெற்ற அந்தக் காருக்கு இப்படியும் ஒரு கதை இருக்குமென்று நான் நினைத்ததே இல்லை.

பஸ் வந்தது. நானும் கூடவே ஏறினேன். ஆனால் மன்னிப்புக் கேட்கவில்லை. இறங்கும்போது அவர்தான் கதைத்தார்: “பழம் இன்னும் நசியேல்லை. போய்க் காரை எடு.”

அதன்பின் நான் அவரைக் காணவில்லை. நானும் போருக்குத் தப்பி வந்தவன்தான். ஆனாலும் அவரைப்போல் ஏன் என்று கேட்காமல் பக்கத்தில் நிற்க அன்று எனக்குத் தெரியவில்லை.