எந்த மூடி

இன்னைக்கு நாத்தங்கால்ல நின்னது நான், மகன் ஏழுமலை, மருமக தேவகி, உரக்கடை பாபு.

நாத்து மொத்தமும் மளமளன்னு உயர்ந்து, வெளுத்து, தலை நிக்காம சாஞ்சி கெடக்குது.

பாபு கொடுத்த வளர்ச்சி டானிக்தான். விக்கும்போது, "கடல்பாசியில எடுத்தது ஆயா, இயற்கை. மருந்தடிக்கிற டேங்குக்கு ஒரு மூடி" என்றான்.

"எந்த மூடிப்பா?"

"தேங்கா மூடிதான்" என்று சிரித்தான். நாங்க நம்பி, தேங்கா மூடியாலயே அளந்து ஊத்தினோம்.

"பாட்டில் மூடி ஆயா. அன்னைக்குத் தமாசுக்குச் சொன்னேன்" என்கிறான் இப்ப.

ஏழுமலை வரப்பிலேயே உக்காந்துட்டான். மறுபடி வெதச்சி நாத்து எழும்பறதுக்குள்ள ஏரித்தண்ணி தீந்துடும். வேற நாத்து கெடைக்கலேன்னா இந்தப் போகம் நடவு இல்லை.

இதப் படிக்கிறவங்க, தாமல் பக்கம் யார்கிட்டயாவது நாத்து மிச்சம் இருந்தா சொல்லுங்கம்மா.

மன்னிச்சி விடுன்னு மட்டும் எழுதாதீங்க. எல்லாரையும் மன்னிப்பேன், பாபுவைத் தவிர.