வெளிப்பக்கம் பார்த்த இருக்கை

ஸ்ரீவில்லிபுத்தூரில் உள்ள எங்கள் சர்ச்சிலிருந்து கேளிக்கைப் பூங்காவுக்கு வேனில் போனபோது, பக்கத்தில் அமர்ந்திருந்தவர் ராஜபாளையத்து நூல் மில்லில் வேலை செய்பவர். ஐம்பது வயதைத் தாண்டியவர். நரைத்த கொண்டை. மகளுடைய சுடிதார் அவருக்குத் தோளில் இறுகியிருந்தது.

"போன வருசம் சேலையோட வந்தேன். பெண்டுல ராட்டினத்துல ஏத்த மாட்டோம்னுட்டாவ. அதான் இது," என்றார்.

அங்கே பெண்டுலம் இரண்டு. நீண்ட இரும்புக் கை ஊஞ்சல்போல ஆட, அதன் நுனியில் வட்டமாக இருக்கும் இருக்கைகள் தனியாகச் சுழலும். ஒன்றில் உள்பக்கம் பார்த்து உட்கார வேண்டும், மற்றதில் வெளிப்பக்கம். உள்பக்கம் பார்ப்பதில் கூட்டமே இல்லை. அவர் மற்றதன் நீண்ட வரிசையில் போய் நின்றார்.

"அதுல உடனே ஏறிறலாமே அக்கா," என்றேன்.

"அதுல எதுத்தாப்புல இருக்கவிய பயந்த மூஞ்சியப் பாத்துக்கிட்டே இருக்கணும். எனக்கு இன்னும் கொஞ்சம் பயம் வந்திரும். இதுல என் பயம் மட்டுந்தான். அத நான் பாத்துக்கிடுவேன். நீ வாறியா தாயி?"

நான் போகவில்லை. அவருடைய பையை வாங்கிக்கொண்டு கம்பிக்கு வெளியே நின்றேன்.

இறங்கியவர் கொஞ்ச நேரம் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். கண்ணெல்லாம் ஈரம்.

"பயமா இருந்துச்சா?"

"எம்புட்டு பயம்," என்று முகத்தைத் துடைத்தார். பிறகு எழுந்து, அதே வரிசையின் கடைசியில் போய் நின்றார்.

அவ்வளவு பயந்த ஒருவர் மறுபடி எதற்காகப் போனார் என்று நான் கேட்டிருக்கலாம். பையைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன்.