ஞாயிற்றுக்கிழமைகளில் நிண்டுபோன கார்

என்ர மனுசன் ஒரு காரைக் கட்டினவர். வாங்கினவர் எண்டு நான் சொல்லேல்லை, கட்டினவர். ரெண்டாயிரத்துக்குப் பிறகு, நாங்கள் லண்டன் ரெய்னர்ஸ் லேனில வீடெடுத்துக் கொஞ்சக் காலத்தில நடந்த கதை இது. ஆரோ ஒரு வெள்ளைக்காரக் கிழவற்ற பின்வளவுப் பத்தைக்குள்ள ஒரு பழைய இங்கிலீஸ் ஸ்போர்ட்ஸ் கார் கறள் பிடிச்சுக் கிடந்தது. ரெண்டே ரெண்டு சீற். கூரை துணி. எஞ்சின் இறுகிப்போய் அசையாது. அதை இழுத்துக்கொண்டு வந்து கராஜுக்குள்ள விட்டார். பேந்து அடிபட்ட ஒரு ஜப்பான் காரின்ர எஞ்சினைக் கொண்டுவந்து இறக்கிப்போட்டு, "இதை அதுக்குள்ள வைக்கப்போறன்" எண்டார். புட்டுப் பானைக்கு ரைஸ் குக்கர் மூடி போடுற வேலை. நான் தலையில கை வைச்சுக்கொண்டு உள்ள போனன்.

அவருக்கு வேலை தெரியாது எண்டில்லை. ஜெர்மனியில அகதியா இருந்த காலத்தில ஒரு கார் பட்டறையில நிண்டவர். லண்டனுக்கு வந்த பிறகு வெயார்ஹவுசில ஷிப்ட், பெட்டி ஏத்தி இறக்கிற வேலை. கராஜுக்குள்ள போனால்தான் மனுசனுக்கு முகம் மலரும். எங்கட வீட்டில மேல் அறையில அவற்ற தமையன் குடும்பம். பிரான்சில இருந்து "கொஞ்ச நாளைக்கு" எண்டு வந்தவை, பிள்ளையளை இஞ்ச பள்ளிக்கூடத்திலயும் சேர்த்துப்போட்டினம். அப்ப கொஞ்ச நாள் எண்டது எவ்வளவு நாள் எண்டு நீங்களே யோசியுங்கோ.

நான் பெற்றோல் ஸ்டேசனில ரில்லில, காசு வாங்கிற இடத்தில, நிக்கிறனான். எனக்குச் சந்தேகப்படுற குணம், அதை மறைச்சு என்ன பிரயோசனம்? பால் வாங்கினாலும் திகதியைத் திருப்பித் திருப்பிப் பாப்பன். அதைக் குறையெண்டு நான் இண்டைக்கும் நினைக்கேல்லை. பெற்றோலை அடிச்சுப்போட்டு "பேர்ஸ் வீட்டில" எண்டு சொல்லுறவன்ர முகம் எப்பிடி இருக்கும் எண்டு ரில்லில நிண்டவைக்குத்தான் தெரியும்.

கார் லேசில சரிவரேல்லை. முதன்முதல் ஸ்டார்ட் பண்ண, தட்டில இருந்த பெயிண்ட் பேணியெல்லாம் உதறிக் கீழ விழுந்துது. எஞ்சினைப் பிடிச்சிருக்கிற இரும்பை வெட்டி, தடிச்ச ரப்பர் வைச்சு அதைச் சரிக்கட்டினார். பேந்து கொதிச்சுது. ரேடியேற்றர் சின்னன் எண்டு கண்டுபிடிச்சு வேற போட்டார். இண்டிகேற்றர் போட்டால் ஹோர்ன் அடிச்சுது. பக்கத்து வீட்டுக்காரி ஜன்னலைத் திறந்து பாத்துச் சிரிச்சாள். வயரெல்லாத்தையும் பிடுங்கித் திரும்ப ஓட்டினார். ஒவ்வொண்டாப் பிழையைப் பிடிச்சு, சோதிக்கிற இடத்திலயும் காட்டிப் பாஸ் எடுத்துப்போட்டார். சும்மா சொல்லக்கூடாது, எனக்கே கொஞ்சம் பெருமையும் புழுகமுமாத்தான் இருந்துது.

பாஸ் எடுத்த கையோட கோயிலுக்குக் கொண்டுபோனம். ஐயர் முன்னுக்கும் ஸ்டியரிங்கிலயும் சந்தனம் குங்குமம் வைச்சு, சில்லுக்குக் கீழ தேசிக்காய் வைச்சு ஏத்தச் சொன்னார். எனக்கு அது காணாது. ரெண்டு ஊர்க் காரைப் பொருத்தி வைச்சிருக்கிற வண்டி, எந்தப் பக்கத்தால கண்ணூறு நாவூறு வருமெண்டு ஆருக்குத் தெரியும்? மிச்சச் சந்தனத்தை வாங்கி லைற், கதவுப் பிடி, பெற்றோல் மூடி எண்டு கண்ட இடமெல்லாம் அப்பினன். பெற்றோல் மூடிக்குக் கொஞ்சம் கூடவே வைச்சன், அது என்ர தொழில் எல்லே.

அதுக்குப் பிறகுதான் கார் நிக்கத் தொடங்கினது.

சனிக்கிழமை தாங்கி நிரம்பப் பெற்றோல் அடிச்சு வைப்பார். ஞாயிறு காலமை டெஸ்ட் ட்ரைவ் எண்டு வெளிக்கிடுவார். மத்தியானச் சாப்பாட்டுக்கு வாறன் எண்டு சொல்லிப்போட்டுப் போறவர், சோறு ஆறிக் காய்ஞ்ச பிறகு வருவார்.

"என்ன பிந்திட்டுது?"

"கார் நிண்டிட்டுது."

"எங்க?"

"ஹேங்கர் லேன் பக்கம். கொஞ்ச நேரம் ஓட, மூச்சுத் திணறினமாதிரி இழுத்து இழுத்து நிக்குது. நிண்டு ஆறினால் திரும்ப ஓடுது."

"ஒரு போன் எடுத்திருக்கலாமே?"

"சார்ஜ் இல்லை."

பாருங்கோ, கார் நிக்கிற நேரத்துக்குத்தான் போனும் சாகும். நான் ஒண்டும் தெரியாதமாதிரித் தலையாட்டினன். உள்ளுக்குள்ள புகையத் தொடங்கிட்டுது.

அவரும் சும்மா இருக்கேல்லை. பெற்றோல் பம்பை மாத்தினார். பில்டரை மாத்தினார். சூட்டில பெற்றோல் ஆவியாகுது எண்டு சொல்லிக் குழாய்க்கு வெள்ளித்தாள் மாதிரி ஒண்டைச் சுத்தினார். கிழமைநாளில வேலையால வந்து குந்தியிருந்து மாத்துவார், ஞாயிறு போய்ப் பிந்தி வருவார். இவ்வளவு தெரிஞ்ச மனுசனுக்கு இந்த ஒரு பிழை மட்டும் பிடிபடேல்லை எண்டால், பிடிக்க விருப்பமில்லையோ எண்டு நான் யோசிக்கமாட்டனே?

இல்ஃபோர்ட்டில இருக்கிற என்ர அக்காவுக்குப் போனில சொன்னன். சொன்னதுதான் பிழை. "கார் நிக்குதோ, இவர் எங்கயும் போய் நிக்கிறாரோ எண்டு வடிவாப் பாரடி" எண்டாள். அதோட விட்டாளே? ஜெர்மனியில இவர் இருந்த அகதி விடுதியில ஒரு பெட்டையும் இருந்தவள், அவள் இப்ப லண்டனுக்கு வந்து குரோய்டனில இருக்கிறாளாம் எண்டும் சொன்னாள். எஞ்சினுக்கு ஏதோ சாமான் எடுக்கவெண்டு இவர் குரோய்டனுக்குப் போய் வந்தது அப்பதான் ஞாபகம் வந்துது. சாமான் வந்தது உண்மை. ஆனா ஒரு சாமான் எடுக்க ஒரு முழுப் பகல் வேணுமே?

பல்லைக் கடிச்சுக்கொண்டு ஒரு வேலை செய்தன். "நானும் வாறன், ஒரு ரவுண்ட் போவம்" எண்டு ஏறிக் குந்தினன். கூரையைத் திறந்துவிட்டு, தலைமயிர் பறக்கப் பறக்கப் போனம். வழியில நான் வேலை செய்யிற ஸ்டேசனில நிப்பாட்டச் சொன்னன், என்னோட நிக்கிற பிள்ளையள் ஒருக்காப் பாக்கட்டும் எண்டு. அங்கயே பெற்றோலும் அடிச்சுக்கொண்டு, சுத்தி வீட்டுக்கு வந்தம். கார் ஒரு இடத்திலயும் நிக்கேல்லை. பிறகும் ரெண்டொருதரம் போனன், அதே பாதை, அதே ஸ்டேசன். கார் பஞ்சு மாதிரி ஓடினது. நான் ஏறினால் நிக்காத கார், அவர் தனியப் போனால் மட்டும் நிக்குமாம். அட கோதாரி, எந்தக் காருக்கு உந்தப் புத்தி இருக்கு?

"இஞ்சாருங்கோ, நான் இருந்தால் ஏன் நிக்குதில்லை?" எண்டு கேட்டன்.

"அதுதான் எனக்கும் விளங்கேல்லை. காரும் உமக்குப் பயம் போல" எண்டு சிரிச்சார்.

எனக்குச் சிரிப்பு வரேல்லை. குசினிக்குள்ள போய்ச் சட்டியளை உருட்டினன். ஊரை விட்டு, நாடு நாடா அலைஞ்சு, கடைசியா இந்த மனுசன் ஒண்டுதான் எனக்கெண்டு மிஞ்சினது. அதுவும் போனால் நான் ஆரோட இருக்கிறது? மற்றவைக்கு அது ஒரு கார்ப் பிழை. எனக்கு அது என்ர குடும்பம்.

அடுத்த ஞாயிறு அவர் கராஜ் கதவைத் திறக்கவே, வீட்டு உடுப்போட ஓடிப்போய்க் காருக்குள்ள ஏறினன். "இண்டைக்கு எங்கயும் நிப்பாட்ட வேண்டாம். நீங்கள் போற பாதையில, நீங்கள் போறமாதிரியே போங்கோ." அவர் என்னை ஒருமாதிரிப் பாத்தார், ஆனா மறுக்கேல்லை. தாங்கி நிரம்பியிருந்துது. ஹேங்கர் லேனுக்குக் கிட்டப் போக, கார் ஒருக்கா விக்கினது. பேந்தும் விக்கினது. உதறி உதறி ஓரத்தில போய்ச் செத்துப்போச்சு.

ஐயோ கடவுளே, எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்லி முடியாது. பின்னால லொறிக்காரன் ஹோர்ன் அடிக்கிறான், இவர் வேர்த்து ஒழுக இறங்குறார், எனக்கெண்டால் வயித்தில பால் வார்த்தமாதிரி. மனுசன் பொய் சொல்லேல்லை! குரோய்டனும் இல்லை, ஒரு கோதாரியும் இல்லை! நடுறோட்டில நிண்டு போன காரைக் கட்டிப்பிடிச்சுக் கொஞ்சலாம் போல இருந்துது.

அவர் முன் மூடியைத் தூக்கித் தலையை உள்ள விட்டார். நான் பின்பக்கம் போனன். தொழில் பழக்கம், பெற்றோல் இருக்கோ எண்டு பாக்க மூடியைத் திருகினன். உஸ்ஸ்ஸ் எண்டு உள்ள காத்தை இழுத்துது. எங்கட ஸ்டேசனுக்கு வாற ஒரு மோட்டசைக்கிள்காரன்ர மூடியும் ஒருக்கா இப்பிடித்தான் உறிஞ்சினது. அவன் எனக்கு விளங்கப்படுத்தினவன்: பழைய வண்டியளுக்கு மூடியில ஒரு சின்ன ஓட்டை இருக்கும், பெற்றோல் குறையக் குறைய அதால காத்து உள்ள போகவேணும், ஓட்டை அடைச்சால் பம்ப் எவ்வளவு இழுத்தும் பெற்றோல் வராது. மூடியின்ர மேல்பக்கத்தை வடிவாப் பாத்தன். ஓட்டை இருக்கவேண்டிய இடத்தில என்ர சந்தனம், குங்குமத்தோட கல்லுமாதிரி இறுகிப்போய் இருந்துது.

பக்கத்து வீட்டு வெள்ளைக்காரியெண்டால் முதல் நாளே ஊத்தையெண்டு துடைச்சிருப்பாள். இவர் பெற்றோல் அடிக்கிற நேரமெல்லாம் அந்த மூடியைத்தான் கையில பிடிச்சவர். ஆனா சாமிக்கு வைச்ச சந்தனத்தை எங்கட ஆக்கள் ஆர் துடைப்பினம்? பம்பை மாத்துவம், வயரைப் பிடுங்குவம், அதில கை வைக்கமாட்டம். நான் ஏறின நாளெல்லாம் ஏன் நிக்கேல்லை எண்டதும் அப்பதான் ஓடி வெளிச்சது. பாதிவழியில என்ர ஸ்டேசனில மூடியைத் திறந்தம், காத்து உள்ள போனது, அவ்வளவுதான்.

அவர் போய்ச் சாவியைத் திருப்ப, கார் ஸ்டார்ட் ஆகினது. "பாத்தீரே? ஆறினவுடன தானா வருது" எண்டார். நான் சொல்லுவனே? மூடியைப் பூட்டிப்போட்டு ஏறிக் குந்தினன். சந்தனம் வைச்சது நான்தான் எண்டு அவர் வீடு முழுக்கச் சொல்லிச் சிரிப்பார், தமையன் பெண்சாதி அதைப் பிடிச்சுக்கொண்டு வருசக்கணக்கா என்னை நக்கலடிப்பாள். வீட்டுக்கு வந்து, அவர் குளிக்கப் போன நேரம் பாத்து, சட்டையில குத்துற ஊசியால ஓட்டையைக் குத்தி, ஊதித் துப்பரவாக்கிவிட்டன். மூடியின்ர ஓரத்தில சந்தனத்தைக் கொஞ்சம் விட்டன், சாமி குறை நினைக்கக்கூடாது.

சனிக்கிழமை அக்கா வீட்டுக்கு இல்ஃபோர்ட் போனம். நிரம்பின தாங்கி, வழியில எங்கயும் மூடியைத் திறக்கேல்லை. போய் வரும்வரைக்கும் ஒரு விக்கல் இல்லை. "இண்டைக்கு நல்ல மூட்டில நிக்குது" எண்டு அவர் டாஷ்போர்டைத் தட்டிக் குடுத்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரிச்சன்.

ஞாயிறு அவர் தனியப் போனார். சோறு ஆறினது. கறி ஆறினது. பின்னேரம் ஆகி வந்து சப்பாத்தைக் கழட்டினார்.

"கார் நிண்டிட்டுது" எண்டார்.

கறிச்சட்டியை மேசையில வைச்சிட்டு, "எங்க?" எண்டன்.

"ஹேங்கர் லேனில. வழமைபோல."

"இஞ்சாருங்கோ. அது நிக்கேல்லை. பெற்றோல் மூடியின்ர ஓட்டை அடைச்சுக்கிடந்தது, நான் போன கிழமை குத்தி எடுத்திட்டன். நேற்று இல்ஃபோர்ட் போகேக்க நிண்டதே? எங்க போனனீங்கள்? குரோய்டனுக்கோ? அந்த ஜெர்மன்காரியிட்டயோ?"

"எந்த ஜெர்மன்காரி?" எண்டார். அந்த முகத்தில கள்ளம் இல்லை. ரில்லில நிக்கிற எனக்குத் தெரியும். ஆனா அவர் என்னை நிமிந்து பாக்கவும் இல்லை. கதிரையை இழுத்து மெல்ல இருந்தார்.

"முதல்ல உண்மையாத்தான் நிண்டது. எஞ்சின் ஆறுமட்டும் உள்ள சும்மா இருந்தன். அப்பதான் தெரிஞ்சுது, எத்தினை வருசமா நான் சும்மா இருக்கேல்லை எண்டு. வேலையில சூப்பர்வைசர். மேல அண்ணை குடும்பம். கதவைத் திறந்தால் நீர். எங்க போனது, ஏன் பிந்தினது, ஆரோட கதைச்சது. நிண்டுபோன காருக்குள்ள இருந்தால் ஆருக்கும் மறுமொழி சொல்லத் தேவையில்லை. இண்டைக்கும் நிக்கும் நிக்கும் எண்டு பாத்துப் பாத்து ஓடினன். அது நிக்கேல்லை. நானே ஒரு பார்க்கின்ர கார் பார்க்குக்குள்ள விட்டு நிப்பாட்டினன்."

எனக்கு வாய் சும்மா கிடக்குமே? "தனியவோ?" எண்டு கேட்டன்.

"தனியத்தான்."

அவர் சொன்ன ஒண்டையும் உடன நம்பாத நான், அதை அப்பிடியே நம்பினன். நம்பினதுதான் வில்லங்கம். ஒரு பொம்பிளை எண்டால் குரோய்டனுக்குப் போய்ச் சட்டையைப் பிடிச்சு நாலு கேள்வி கேட்டிருப்பன். இதுக்கு ஆரிட்டப் போய்க் கேக்கிறது?

தமையன்ர பிள்ளையள் பசிக்குது எண்டு கத்திக்கொண்டு படியால இறங்கி வந்துதுகள். எல்லாருக்கும் சோறு போட்டன். அவருக்கும் போட்டு, கறியைச் சூடாக்கி ஊத்திப்போட்டு, எதிரில ஒண்டும் கேக்காமல் இருந்தன். கொஞ்ச நேரத்தில அவர் சாப்பிடுறதை நிப்பாட்டிப்போட்டு நிமிந்து, என்னைச் சந்தேகமாப் பாத்தார்.