எதிர் பிளாட்பாரத்தில் அப்பா

சூடேறிய இரும்புக் குழாய், மரத்தரைக்குப் பூசிய மெழுகு, பனியில் நனைந்த கம்பளிக் கோட்டு, இவை மூன்றும் கலந்த வாசனைதான் எடிசன் நகரை அடுத்த எங்கள் ஊர் ரயில் நிலையத்துக் காத்திருப்பு அறையின் வாசனை. நூறு வயதைத் தாண்டிய செங்கல் கட்டடம் அது. ஒரு காலத்தில் சுற்றுவட்டாரப் பண்ணைகளின் காய்கறியும் பாலும் இங்கிருந்துதான் நியூயார்க் போயினவாம். என் சிறுவயதில், ஓக் ட்ரீ ரோட்டு இந்தியக் கடைகளில் முருங்கைக்காயும் வாழைப்பூவும் வாங்கியவர்கள் பைகளோடு அங்கே காத்திருப்பார்கள்.

அந்தக் கடைத்தெருவின் ஓர் உணவகத்தில் அப்பா ‘புரோட்டா மாஸ்டர்’. சனிக்கிழமைகளில் நியூயார்க்கில் விருந்துச் சமையலுக்கும் போவார். அவரும் அம்மாவும் பள்ளிக்கூடம் போனதில்லை. எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான் என்பதில் எனக்கு அன்றும் கர்வம், இன்றும் கர்வம். வார இறுதியில் தண்டவாள வேலை நடந்தால் வண்டிகள் பிளாட்பாரம் மாறும். அந்த அறிவிப்பை டிக்கெட் ஜன்னல் அருகே ஒட்டுவார்கள். வெள்ளிக்கிழமை மாலைதோறும் அப்பா என்னை அங்கே அழைத்துப்போவார். நான் உரக்கப் படித்துத் தமிழில் சொல்லும்போது, பக்கத்தில் நிற்பவர்களை ஒரு பார்வை பார்த்துக்கொள்வார்.

எனக்குப் பதினோரு வயது. மன்ஹாட்டனில் ஒரு பெரிய உணவகம், தலைமைச் சமையல்காரர் வேலைக்கு அப்பாவை ஒரு சனிக்கிழமை சமைத்துக் காட்ட வரச்சொல்லியிருந்தது. அதே சனிக்கிழமை, அதே வண்டியில், எங்கள் வகுப்பு மியூசியம் பார்க்கப் போவதாக இருந்தது.

“கூடவே போயிரலாம், பாப்பா.”

“வேணாம்பா, டீச்சர் கூட்டிட்டுப் போவாங்க.”

“அப்ப நோட்டீஸ மட்டும் பாத்துச் சொல்லிரு.”

“எப்பவும் போற பக்கம்தான்பா” என்றேன், போய்ப் பார்க்காமலே. மறுநாள் போட வேண்டிய உடை பற்றிய யோசனையில் இருந்தேன்.

காலையில் டீச்சர் எங்களைச் சுரங்கப்பாதை வழியாக எதிர்ப்பக்கம் கூட்டிப்போனபோதுதான் வண்டி பிளாட்பாரம் மாறியிருப்பது தெரிந்தது. தண்டவாளங்களுக்கு அப்பால், வழக்கமான பிளாட்பாரத்தில், இஸ்திரி போட்ட சட்டையும் கையில் கரண்டிப் பையுமாக அப்பா. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து கையை ஆட்டினார். “பாப்பா! இந்தப் பக்கம்தானே?”

அருகில் நின்ற பிரியா, ஓர் எஞ்சினியரின் மகள், கேட்டாள்: “இஸ் தட் அங்கிள் காலிங் யூ?”

“நோ. ஐ டோன்ட் நோ ஹிம்.”

அப்பா இன்னொரு முறை கூப்பிட்டார். நான் ஷூ நாடாவைக் கட்டக் குனிந்தேன். வண்டி எங்களுக்கு நடுவே வந்து நின்றது. அது கிளம்பியபோது ஜன்னல் வழியே பார்த்தேன். அவர் இன்னும் கையைத் தூக்கியபடியே நின்றிருந்தார்.

அந்த வேலை வேறொருவருக்குப் போனது. மாலையில் அம்மா வெடித்தாள்: “இம்புட்டுப் படிக்கிற மகள வச்சுக்கிட்டு, ஒரு வார்த்த அவகிட்டக் கேட்டுட்டுப் போறதுக்கென்ன?”

“நான்தான் கவனிக்கல. விடு” என்றார் அப்பா. அடுத்த வெள்ளிக்கிழமை நான் ஷூ போட்டுக்கொண்டு வருவதற்குள் அவர் தனியாகவே கிளம்பிப் போயிருந்தார்.

இப்போது அதே நிலையத்திலிருந்து நான் தினமும் மன்ஹாட்டன் அலுவலகத்துக்குப் போகிறேன். டிக்கெட் ஜன்னலைப் பலகை வைத்து அடைத்துவிட்டார்கள். மர பெஞ்சுகள் இல்லை. அறிவிப்புகள் போனில் வருகின்றன. அப்பா இன்னமும் அதே அடுப்பின் முன்னால்தான் நிற்கிறார், முழங்காலில் பட்டை கட்டிக்கொண்டு.

போன மாதம் அவருடைய கிரீன் கார்டு பற்றி ஒரு கடிதம் வந்தது. நான் சோபாவில்தான் உட்கார்ந்திருந்தேன்.

“குடுங்கப்பா, படிக்கிறேன்.”

“நீ இப்பத்தான டயர்டா வந்திருக்க. கீழ் வீட்டு அங்கிள் படிச்சுச் சொல்லுவாரு” என்று சொல்லிவிட்டு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார்.