அவன் சொன்ன கோயில்

எனக்கு ஊர் உடன்குடி. பிழைப்பு தூத்துக்குடியில், மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு பலசரக்குக் கடை. தருவைகுளத்துப் படகுக்காரன் ஒருவன் பதினைந்து வருடமாக என்னிடம்தான் அரிசியும் கருப்பட்டியும் வாங்குகிறான். பரம்பரைக் கிறிஸ்தவன். மாதா கோயிலை வெறுமனே 'கோயில்' என்றுதான் சொல்வான். கடற்கரையில் எல்லோரும் அப்படித்தான். "பூசைக்கு நேரமாச்சு, கோயிலுக்குப் போணும் அண்ணாச்சி" என்பான். எனக்கு அதில் ஒருநாளும் குழப்பம் வந்ததில்லை.

தேர்தலுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது கைப்பேசிக்கு ஒரு குரல்பதிவு வந்தது. "நாளைக்கி கோயில இடிக்கப் போறோம். ஆம்பளைக எல்லாம் கடப்பாறையோட வந்துருங்க." மேலே யாரோ எழுதியிருந்தார்கள்: 'நம் கோயிலை இடிக்கக் கிளம்பிவிட்டார்கள். இன்னுமா தூங்குகிறாய்? யாருக்கு ஓட்டு என்று யோசி.'

எனக்குச் சுர்ரென்று ஏறியது. கேட்ட குரலாக இருக்கிறதே என்று ஒரு கணம் தோன்றியதும் உண்மை. ஆனாலும் வியாபாரிகள் குழுவுக்கு உடனே தள்ளிவிட்டேன். உட்கார்ந்த இடத்திலிருந்தே நாட்டைக் காப்பாற்றிவிட்ட பெருமை வேறு.

மதியம் மறுபடி போட்டுக் கேட்டேன். அவன் குரலேதான். விரிசல் விட்ட பழைய மாதா கோயிலை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப் போகிறார்கள் என்று போன வாரம்தான் கடையில் நின்று சொன்னான். நாலு மூட்டை சிமெண்ட் என் கணக்கில் என்று நானே வாக்குக் கொடுத்திருந்தேன். ஊர்க்காரர்களை வேலைக்குக் கூப்பிட்ட பேச்சை எவனோ வெட்டியெடுத்து ஓட்டு வேட்டைக்கு விட்டிருக்கிறான். அதற்கு நானும் கை கொடுத்திருக்கிறேன்.

அவசரமாக அழித்தேன். அதற்குள் எங்கெங்கோ போய்விட்டது. அது மாதா கோயில் என்று குழுவில் விளக்கி எழுதினேன். 'அண்ணாச்சி எந்தப் பக்கம்?' என்று ஒருவர் கேட்டார். எல்லோரும் ஒரே பக்கம்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

நான் அனுப்பியது அவனுக்கும் தெரிந்துவிட்டது. மூன்றாம் நாள் கடைக்கு வந்தான்.

"அரிசிய நாளக்கழிச்சி எடுத்துக்கிடுதேன் அண்ணாச்சி. நாளைக்கி... சர்ச்ல வேலை கிடக்கு."

அவன் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டதே இல்லை.

"தப்புப் பண்ணிட்டேன்டே. நீ எப்பவும் போல கோயில்னே சொல்லு."

அவன் கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். காலிச் சாக்கை நிதானமாக மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டான்.

"வேண்டாம் அண்ணாச்சி. இனிமே உங்ககிட்டயும் பாத்துத்தான் பேசணும்."