மச்சான் அனுப்பிய கைக்கடிகாரம்

எங்கள் திருமணம் 2005இல் சிதம்பரத்தில் நடந்தது. மனைவியின் அண்ணனுக்குச் சிங்கப்பூரில் வேலை, லீவு கிடைக்கவில்லை. மாப்பிள்ளைக்கு மோதிரம் போட வேண்டிய மச்சான் அவர். மோதிரத்துக்குப் பதிலாக, ஊருக்கு வந்த நண்பரிடம் ஒரு கைக்கடிகாரம் கொடுத்தனுப்பினார். மணவறையில் மகனுடைய இடத்தில் நின்று என் மாமனாரே அதை என் கையில் கட்டினார். கட்டி முடித்ததும் கூட்டத்தைப் பார்த்து, “பையன் அனுப்பினான், சுவிட்சர்லாந்து” என்றார். பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் பெருமையாக எதையும் சொல்லி அதற்கு முன் நான் கேட்டதில்லை.

அந்தக் கடிகாரத்துக்கு பேட்டரி கிடையாது. பின்பக்கம் கண்ணாடி. அதன் வழியே பற்சக்கரங்களும் பொடிப்பொடியான சிவப்புக் கற்களும் ஓர் அரைவட்டத் தகடும் தெரியும். கை அசையும்போது தகடு சுழன்று ஸ்பிரிங்கை முறுக்கும். நொடிமுள் தாவாமல் வழுக்கிக்கொண்டு போகும். அதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். குறைகளும் இருந்தன. கனம். ஸ்டீல் பட்டை மணிக்கட்டு மயிரைப் பிடித்து இழுக்கும். வேலைக்கு அது சரிப்படவில்லை என்பது எல்லாவற்றையும்விடப் பெரிய குறை.

நான் கடலூரில் நாளிதழ் நிருபர். திருமணம் முடிந்து வேலைக்குப் போன முதல் நாள் அதைக் கட்டிக்கொண்டு முதுநகர் துறைமுகத்துக்குப் போனேன். டீசல் விலை பற்றிக் கேட்டதற்கு, ஒரு படகுக்காரர் என் முகத்தைப் பார்க்காமல் மணிக்கட்டைப் பார்த்துப் பதில் சொன்னார்.

“உனக்கு என்னா சார், கையில கட்டியிருக்கறதே ஒரு போட்டு வெல இருக்கும் போல.”

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் செய்தி கிடைக்கவில்லை.

அன்று மாலையே, கடலூர் செம்மண்டலத்தில் இருந்த எங்கள் வீட்டில் மனைவி அதை நகைகளோடு பீரோவில் வைத்துப் பூட்டினார். “இதக் கட்டிக்கிட்டு டவுன் பஸ்ல தொங்குவீங்களா? கல்யாணம், காதுகுத்துன்னா எடுத்துக்கலாம்” என்றார். எனக்கும் அதுவே சரியென்று பட்டது. எங்கள் வீடுகளில் நல்ல பொருள் என்றால் அப்படித்தான். பட்டுப்புடவை பீரோவில், வெள்ளிக் குத்துவிளக்கு பீரோவில், வாட்சும் பீரோவில்.

ஆனால் விசேஷத்துக்கு எடுக்கும்போதெல்லாம் அது நின்றுபோயிருக்கும். கையை உதறினால் ஓடும். ஒருமுறை உதற மறந்துவிட்டேன். சிதம்பரத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் மாமனாரின் பங்காளி ஒருவர் என் கையை இழுத்துப் பார்த்தார்.

“மாப்ள, சாப்பாடே முடியப்போவுது, உன் வாட்ச்ல இன்னும் விடியவே இல்லியே! சிங்கப்பூர் டைமா?” பிறகு எதிர்வரிசையில் உட்கார்ந்திருந்த என் மாமனாரைப் பார்த்து, “பர்மா பஜார் சரக்குண்ணே, ஒங்க பையன் ஏமாந்துட்டானா, இல்ல ஏமாத்திட்டானா?” என்றார்.

மாமனார் பாயசத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். வீட்டுக்கு வந்ததும் மகனுக்கு போன் போட்டார். நாங்கள் எல்லோரும் கூடத்தில் இருந்தோம்.

“மாப்ளைக்குப் போயி டூப்ளிகேட் அனுப்பியிருக்கியேடா. நாலு பேர் முன்னாடி நான் கட்டிவுட்டேன்டா.”

அந்தப் பக்கம் ஏதோ விளக்கம். மாமனார் எங்களைப் பார்த்துச் சொன்னார்: “தெனம் கட்டிக்கிட்டா ஓடுமாம், கழட்டி வச்சா நிக்குமாம். எந்த ஊர்ல இருக்குது அப்படி ஒரு வாட்ச்?”

“மாமா, இருக்கலாம்” என்றேன். என் குரலில் உறுதி இல்லை. மாமனார் போனை வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு மச்சான் தன் அம்மாவின் செல்லுக்கு மட்டும்தான் கூப்பிட்டார். அது அடித்தால் மாமனார் செய்தித்தாளை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவார். இரண்டு ஆண்டுகள் இப்படிப் போயின. மகன் ஊருக்கு வந்து போனபோதுகூட இருவரும் மாமியார் வழியாகவே பேசிக்கொண்டார்கள்.

2009இல் முதுநகரில் ஒரு நிச்சயதார்த்தத்தில் இருந்தோம். மாமனார் குளியலறையில் வழுக்கி விழுந்து கால் உடைந்துவிட்டது என்று தகவல் வந்தது. பட்டு வேட்டியோடும் அந்தக் கடிகாரத்தோடும் அப்படியே சிதம்பரம் பஸ் ஏறினோம். அறுவை சிகிச்சை நடந்தது. ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் நான்தான் கூட இருந்தேன். பீரோ கடலூரில் இருந்ததால் கடிகாரம் என் கையிலேயே கிடந்தது.

மாத்திரை வேளைக்கு மாமனார் என்னிடம் மணி கேட்பார். நான் சொல்வேன். அறையில் டிவி இருந்தது. ஏழு மணிச் செய்தியை அவர் தவறவிடுவதில்லை. ஒரு மாலை மாத்திரையை வாயில் போடாமல் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

“இதுக்கு சாவி குடுத்தீங்களா மாப்ள?”

“இல்ல மாமா.”

“உதறிவுட்டீங்களா?”

“இல்ல. வந்ததுலருந்து கழட்டவே இல்ல.”

கையை நீட்டினார். கழற்றிக் கொடுத்தேன். திருப்பிப் பிடித்து, கண்ணாடிக்குப் பின்னால் தகடு சுழல்வதைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

“கட்டிக்கிட்டா ஓடும்னுதான் அவனும் சொன்னான்” என்றார் கடைசியில்.

“நாமதான் பூட்டிப் பூட்டி வச்சோம் மாமா.”

அப்போது, இரவுச் சாப்பாடு கொண்டுவந்திருந்த மாமியாரின் செல் அடித்தது. அப்பா விழுந்த நாளிலிருந்து மகன் தினமும் அந்த நேரத்தில் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். மாமனார் கண்ணை மூடித் தூங்குவதுபோல இருந்துவிடுவார். அன்று மூடவில்லை. மாமியாரிடம், “குடு இப்படி” என்றார்.

செல்லைக் காதில் வைத்துத் தொண்டையைச் செருமினார்.

“டேய், உன் வாட்ச் கொஞ்சம் ஃபாஸ்டாப் போவுதுடா. நியூஸ் ஆரம்பிக்கறதுக்குள்ள இது ஏழத் தாண்டிடுது. இம்மாம் வெல குடுத்து வாங்கியிருக்க, கடைக்காரன்கிட்ட கேக்க மாட்டியா?”

மச்சான் என்ன சொன்னார் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. மாமனார் உம் கொட்டிக்கொண்டே கேட்டார். மாமியார் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார்.

“வலி பரவால்ல” என்றார் மாமனார் செல்லில். “ராத்திரிலதான் ஜாஸ்தியா இருக்குது.”