கிழக்கே போட்ட துளை

சங்கிலிபூதத்தானின் பிழைப்பு கிணற்றுக்குள். ராதாபுரம் பக்கம் யார் கிணறு வற்றினாலும் அவனுக்குத்தான் போன் போகும். கயிற்றில் இறங்கி, இயந்திரத்தை அடியில் நிறுத்தி, கிணற்றுச் சுவரைப் பக்கவாட்டில் துளைப்பான். சைடு போர் என்பார்கள். ஒரு கம்பி உள்ளே போனதும் அதன் வாலில் அடுத்த கம்பியை முடுக்கி, பாறைக்குள் போய்க்கொண்டே இருக்க வேண்டும். எங்காவது ஊற்று திறந்தால் சரி. அது யார் நிலத்துக்கு அடியில் திறந்தது என்று கிணற்றுக்காரர் யாரும் கேட்டதில்லை. பூதத்தானும் கேட்டதில்லை.

துளை வாயில் பாறைப்பொடி மாவாகக் கொட்டும். உலர்ந்து கொட்டினால் வெறும் கல். நனைந்து விரலில் ஒட்டினால் தண்ணீர் கிட்டத்தில் இருக்கிறது. நனைந்த மாவைப் பார்த்த பிறகு இயந்திரத்தை நிறுத்திய மகராசன் அந்தத் தொழிலில் இன்னும் பிறக்கவில்லை.

போன பங்குனியில் மணிராஜ் கூப்பிட்டு அனுப்பினார். பெரிய தென்னந்தோப்புக்காரர். கரண்ட் இருக்கிற நேரமெல்லாம் அவர் தோப்பில் மோட்டார் ஓடும். வரப்பு வழிந்து பாதையில் ஓடினாலும் நிறுத்த ஆள் போகாது. அப்படி இறைத்தால் கிணறு வற்றாமல் என்ன செய்யும்?

"கிழக்கே போடும்வே" என்றார்.

"அங்கன என் தங்கச்சி கிணறு கெடக்கு அண்ணாச்சி."

"அது எங்கயோல்லா கெடக்கு! வேலிக்கு இங்கனயே நிறுத்திரும்."

பூதத்தானும் அப்படித்தான் நினைத்து இறங்கினான்.

தங்கை சுடலைவடிவுக்குக் கொஞ்சம் முருங்கை, கொஞ்சம் தென்னை. புருஷன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்க, தோட்டத்தை அவள் ஒருத்திதான் பார்த்தாள். கிணற்றோரம் ஒரு குழி வெட்டி, சரளையும் மணலும் நிரப்பி, மழைத் தண்ணீரை வாய்க்கால் கட்டிக் கொண்டுவந்து அதில் இறக்கியிருந்தாள். அது வடிந்து கிணற்றுக்குள் சேரும். முருங்கைக்குச் சொட்டுக்குழாய், தென்னை மூட்டில் மட்டை மூடாக்கு. "வடிவு கெணத்துக்குச் சோறு ஊட்டுதா" என்று ஊரே சிரித்தது. சிரித்தவர்கள் கிணறெல்லாம் வற்றிய கோடையிலும் அவள் கிணற்றில் தண்ணீர் கிடந்தது. அந்தக் கிணறுதான் அவள் பிழைப்பு. அது போனால் அவளும் திருப்பூருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

வேலிக்கு இந்தப் பக்கமே நிறுத்தத்தான் பூதத்தான் கம்பிகளைக் கணக்குப் பண்ணி வைத்திருந்தான். கடைசிக் கம்பி உள்ளே போகும்போது மாவு நனைந்து வந்தது. கை தன்பாட்டுக்கு அடுத்த கம்பியை எடுத்தது. இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று போனது. பிறகு தண்ணீர் பீறிட்டு அவனையே சுவரோடு தள்ளியது.

ஊற்று திறந்தவனுக்குக் கிணற்றுக்காரர் புதுத்துண்டைத் தலையில் கட்டிவிடுவது அந்தப் பக்கத்து வழக்கம். சொட்டச் சொட்ட மேலே வந்தவனுக்கு மணிராஜ் துண்டு கட்டினார். பெண்கள் குலவை போட்டார்கள். வேடிக்கை பார்க்க வந்திருந்த வடிவின் குலவைதான் எல்லாருக்கும் மேலே கேட்டது. அண்ணன் கெட்டிக்காரன் என்று அவளுக்கு அவ்வளவு பெருமை.

அக்கினி நட்சத்திரம் முடியும் முன்பே அவள் கிணறு தரையைக் காட்டியது. முருங்கை பூவை உதிர்த்தது. தென்னையில் குரும்பை நிற்கவில்லை. அவள் யாரையும் சந்தேகப்படவில்லை. வெயிலைத்தான் திட்டினாள்.

"எண்ணே, எனக்கும் ஒரு சைடு போர் போட்டுத் தா. மணிராஜ் அண்ணாச்சிக்கு வந்துச்சுல்லா, எனக்கும் வரும்."

பாறைக்குள் நூறு ஊற்று ஓடும், அது வேறு இது வேறு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பூதத்தான் போனான். கிணற்று மேட்டில் அவள் ஒரு புதுத்துண்டை மடித்து, பறக்காமல் கல் வைத்திருந்தாள்.

இயந்திரத்தை இறக்குமுன் இடம் பார்க்க இறங்கினான். எப்போதும் தண்ணீருக்குள் கிடந்த அடிச்சுவர் இப்போது வெளியே தெரிந்தது. மேற்குப் பக்கம் இடுப்பு உயரத்தில் ஒரு வெடிப்பு. அதை நோக்கி ஈரம் இழுபட்டுக் காய்ந்த தடம். கையை வைத்தான். வெடிப்பிலிருந்து காற்று வந்தது. காதை வைத்தான். உள்ளே, தூரத்தில், மணிராஜ் கிணற்று மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

அவள் மழைக்கு மழை சேர்த்து வைத்த தண்ணீர் அவ்வளவும் இந்த வழியாகத்தான் போயிருந்தது. வழியை வெட்டியவன் அவன். அங்கேயே உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதான்.

"எண்ணே, எடம் இருக்கா?" மேலிருந்து வடிவு கேட்டாள்.

"ஏட்டி, சிமெண்டு கொஞ்சம் இறக்கு."

"சிமெண்டு எதுக்கு?"

பொய் சொல்ல நாக்கு வரவில்லை. "அண்ணாச்சிக்கு நான் போட்ட துளை உன் ஊத்துலதான் வந்து முட்டியிருக்கு வடிவு. வேலியோட நிறுத்தியிருக்கணும். மாவு நனைஞ்சு வந்துச்சு, நிறுத்தல."

வாளியில் சிமெண்டு இறங்கியது. வெடிப்பைக் கல் வைத்து அடைத்துப் பூசினான். இனி மழை பெய்து நிறைந்தால் தங்கும். மழைக்கு ஐப்பசி வரை போக வேண்டும். முருங்கை அதுவரை தாங்காது.

மேலே வந்தபோது அவன் தலை காய்ந்திருந்தது. முகத்தில் மட்டும் ஈரம். வடிவு துண்டைக் கல்லுக்கு அடியிலிருந்து எடுத்தாள். அவனிடம் கொடுக்கவில்லை. மடிப்பு கலையாமல் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"அன்னைக்கு எல்லாருக்கும் முன்னால நான்லா குலவை போட்டேன்" என்றாள்.